முப்பது நாள் பேசாத போர்ட்

ஜூன் 3, செவ்வாய்

எழுதுவதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காலையிலிருந்து மாலை வரை எழுதுவதுதான் என் சம்பள வேலை. விடுதிக்கு வந்தும் எழுதினால், அறையிலிருக்கும் மற்ற இரண்டு பேரும் திமிர் என்றுதான் நினைப்பார்கள். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்பதும் தெரியவில்லை. ஆனால் பகலில் பார்த்ததையெல்லாம் எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வருவதில்லை.

கோவையில் சேர்ந்து இரண்டாவது நாள். எங்கள் நிறுவனம் ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள், மில்களின் நெட்வொர்க்கை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்கிறது. ஒரு கட்டடத்தில் உள்ள கம்ப்யூட்டர், கேமரா, பிரின்டர் எல்லாவற்றின் வயரும் ஸ்விட்ச் என்கிற பெட்டியில் வந்து சேரும். அதில் வரிசையாக இருக்கும் துளைகள்தான் போர்ட்டுகள். எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதை இன்ஜினியர்கள் இத்தனை நாளும் கையால் செய்துவந்தார்கள். இனிமேல் ஒரு ஏஐ ஏஜென்ட், தானே படித்து முடிவெடுக்கும் மென்பொருள், செய்யப் போகிறது. அதன் கையில் கொடுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். இந்தக் கருவி என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடக்கூடாது.

பிரசன்னா சார்தான் மேனேஜர். "மாரீஸ்வரி, மனுஷங்க இந்தப் பக்கத்தையெல்லாம் படிக்கவே மாட்டாங்க. ஆனா அது ஒரு வார்த்தை விடாம படிக்கும். நீங்க எழுதினதைத் தாண்டி அதுக்கு எதுவும் தெரியாது" என்றார்.

அம்மா போன் செய்தாள். "எம்மக என்ன வேலை பாக்கான்னு தெருவுல கேக்காக தாயி. என்னன்னு சொல்லட்டும்?"

"எழுதுற வேலைம்மா."

"கணக்கா?"

"இல்லம்மா. ஒரு மெஷினுக்கு, எப்படி வேலை செய்யணும்னு எழுதிக் கொடுக்கணும்."

தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசுகிறாள் என்பது சத்தத்தில் தெரிந்தது. "அது நாலெழுத்து படிச்சிருக்கா?" என்றாள்.

"நல்லாப் படிக்கும்மா."

"அப்ப ஒங்க அப்பாவ விடத் தேவல" என்று சிரித்தாள்.

ஜூன் 5, வியாழன்

இன்ஜினியர்கள் உட்காரும் கூடத்தில் எனக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்து எழுத வேண்டும். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டு பேர் திரையைச் சின்னதாக்கிக்கொள்கிறார்கள். என் பின்னால் யாரோ, "வந்துருச்சு" என்றார்.

ஏஜென்ட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. "மாப்பிள்ளை வந்தா நமக்கெல்லாம் வீட்ல எடமிருக்குமா?" என்று ஒருவர் கேட்க, "மாப்பிள்ளைக்கு விருந்து ஆக்கறதுக்குத்தான் ஒரு புள்ளையக் கூட்டியாந்து உக்கார வெச்சிருக்காங்களே, அதக் கேளு" என்றார் லோகநாயகி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று. சிரித்ததும் தப்பாகத்தான் போயிற்று. அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

சூலூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். கூடத்தில் எல்லோருக்கும் சீனியர். காதில் போன், கழுத்தில் கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு குத்தல். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

இன்று "பயன்படாத போர்ட்டை மூடும் கருவி". முப்பது நாள் ஒரு போர்ட்டில் எந்தப் பேச்சும் இல்லையென்றால், அதாவது அதன் வழியாக எந்தத் தகவலும் போய்வரவில்லையென்றால், அது பயன்படாதது. திறந்து கிடந்தால் வெளியாள் எவனாவது வயரைச் செருகி உள்ளே வந்துவிடலாம், அதனால் மூட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. இவர்கள் கையால் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க லோகநாயகி அக்காவின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கல்லூரி. "மூடறேன். மத்தியானம் வரைக்கும் எவனாச்சும் கத்துறானான்னு பாப்போம். கத்துனா தொறந்துக்கலாம்" என்று தட்டினார். இதுதான் இவர்கள் வழக்கமாம். டீ வருவதற்குள் போன் வந்துவிட்டது. நூலகத்தில் லீவுக்குப் பிறகு இன்றுதான் பிரின்டரைப் போட்டிருக்கிறார்கள். நூலகர் கத்தியது எனக்கே கேட்டது. "கத்திட்டானுங்கோ" என்று கூடமே சிரித்தது. அக்கா திறந்துவிட்டார்.

அடுத்தது பொள்ளாச்சி ஆஸ்பத்திரி. அதே மாதிரி பேசாத போர்ட். தட்டப்போன அக்காவின் கை நின்றது. அங்கே மின்வேலை பார்க்கும் செல்லமுத்து என்பவரைக் கூப்பிட்டார். "அண்ணா, ரெண்டாம் மாடிப் பெட்டியில கடைசிக்கு முந்துன வயரு எங்கீங்க போகுது? போயி கையில புடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கறன்." அவர் நடந்துபோய்ப் பார்த்து, பழைய எக்ஸ்ரே அறை, காலி என்று சொன்ன பிறகுதான் மூடினார்.

நான் கேட்கவில்லை. ஆனால் நான் பார்ப்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பாமலே சொன்னார்: "ஆஸ்பத்திரியில கத்தறதுக்கு, கத்தற நெலமையில ஆளிருக்கோணுமில்ல கண்ணு?"

சாயந்திரம் அந்தப் பக்கத்தை எழுதி முடித்தேன். கடைசி வரி: "ஆஸ்பத்திரி என்றால், அங்குள்ள பொறுப்பாளரைக் கேட்டு, அவர் வயரை நேரில் பார்த்துப் பதில் சொல்லும் வரை மூடாமல் காத்திரு."

இதுவரை எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி.

ஜூன் 11, புதன்

வாளியின் கைப்பிடி உடைந்துவிட்டது. கயிறு கட்டியிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் இடத்தில் லோகநாயகி அக்கா உட்கார்ந்திருந்தார். என் கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஒண்ணுமில்ல, சேர் நல்லாருக்கான்னு பாத்தேன்" என்றார்.

நாற்காலி பார்க்கிற முகமா அது? திரையில் போர்ட் மூடும் கருவியின் பக்கம் திறந்திருந்தது. நான் அதைத் திறந்து வைக்கவில்லை.

பக்கத்தின் அடிவரை போய்ப் பார்த்தேன். கடைசி வரி இல்லை.

மறுபடி தேடினேன். நான்தான் சேமிக்காமல் விட்டுவிட்டேனோ? இல்லை, சேமித்த பிறகுதான் பையை எடுத்தேன். மறுபடி எழுதிச் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள், ஏன் பூட்டாமல் போனாய் என்று.

மாப்பிள்ளை தடுக்கி விழுந்தால் இந்தக் கூடத்தில் யாருக்குச் சந்தோஷம் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 16, திங்கள்

பிரசன்னா சார் எல்லோர் முன்னாலும் என் பக்கங்களைப் பாராட்டினார். "மாரி எழுதுறதுல ஒரு வார்த்தை அதிகம் கிடையாது. போன வாரத்தை விட இப்ப இன்னும் சுருக்கமா வந்திருக்கு." என்னை மாரி என்று இங்கே யாரும் கூப்பிட்டதில்லை. நான் எதையும் சுருக்கின நினைவில்லை. ஆனாலும் பாராட்டும்போது நின்று திருத்தவா முடியும்?

லோகநாயகி அக்கா என்னைப் பார்த்து, "சுருக்கமாத்தான் இருக்குது" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயந்திரம் நீலச் சுடிதாரைத் துவைத்துப் போட்டேன். புதன்கிழமை ஏஜென்ட்டை வாடிக்கையாளர்கள் முன்னால் ஓட விட்டுக் காட்டப் போகிறார்கள். நானும் வர வேண்டுமாம்.

ஜூன் 18, புதன்

நன்றாகப் போனது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியின் உண்மையான நெட்வொர்க்கிலேயே செய்து காட்டினார்கள். ஏஜென்ட் என் பக்கங்களைப் படித்து, பேசாத போர்ட்டுகளை வரிசையாக மூடியது. ஒரு மனிதர் பெயரில்தான் உள்ளே நுழைய முடியும் என்பதால் லோகநாயகி அக்காவின் பெயரில் நுழைந்தது. "ஃபார்மாலிட்டிதான்" என்றார் பிரசன்னா சார். அக்கா பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வந்தவர்களில் ஒருவர், "ஒரு கேள்விகூடக் கேக்காம முடிச்சிடுச்சே!" என்று வியந்தார். பிரசன்னா சார் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

ஒரு கேள்விகூட.

ஆஸ்பத்திரியில் வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள். முன்கூட்டியே செல்லமுத்துவைக் கேட்டு வைத்திருப்பார்கள். சார் அதையெல்லாம் பார்க்காமலா இருப்பார்? மேடைக்குப் பக்கத்தில் முந்திரிக் கேக் கொடுத்தார்கள். ஒன்றைத் துண்டுக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் கூடமே போனில் இருந்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் அறையின் அழுத்தம் குறைந்தால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்துப் பார்ப்பார்களாம். இன்று சோதித்தார்கள். மணி அடிக்கவில்லை.

அந்த மணிக்குப் போகும் வயர் சேரும் போர்ட்டை, போன புதன்கிழமை ஏஜென்ட் மூடியிருக்கிறது. ஆபத்து வந்தால் மட்டும் பேசுகிற போர்ட் அது. ஆபத்து இல்லாததால் முப்பது நாளாகப் பேசவில்லை. பேசாததால் அது பயன்படாதது.

அப்படித்தான் நான் எழுதியிருக்கிறேன்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த வாரத்தில் அழுத்தம் குறையவில்லை. இதைச் சொல்லிவிட்டு எல்லோரும் மூச்சுவிட்டார்கள். குழந்தைகள் வார்டும் அந்த மணி இருக்கும் மாடியில்தான் என்று செல்லமுத்து போனில் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது.

என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசி வரி மறுபடி இல்லை.

ஜூன் 25, புதன்

பிரசன்னா சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "பயப்படாதீங்க மாரி. உங்க மேல எதுவும் வராது. அது உள்ளே போனது லோகநாயகி பேர்ல. பாத்து ஒப்புதல் கொடுக்க வேண்டியது அவங்க பொறுப்பு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்க உங்க சிஸ்டத்துல உக்காந்திருந்ததா கேள்விப்பட்டேன். உண்மையா?"

உண்மைதானே? தலையசைத்தேன்.

"பக்கத்துல ஏதாவது மாறியிருந்துச்சா?"

தலையசைத்தேன்.

"அவங்களுக்கு இந்த ஏஜென்ட் வர்றது பிடிக்கலை, இல்லையா?"

அதற்கும்.

"போதும்" என்றார். "நீங்க வாயே திறக்க வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

நான் வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் வெளியே வந்த பிறகும் உறுத்துகிறது. அவர் கேட்டது எல்லாமே, தலையசைத்தால் போதும் என்கிற மாதிரிக் கேள்விகள்.

ஜூன் 26, வியாழன்

லோகநாயகி அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை விசாரணை. வேண்டுமென்றே கெடுத்தார் என்று முடிவானால் வேலை போகும். வேறெங்கும் எடுக்கமாட்டார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி மணியோடு விளையாடியவர் என்று பெயர் வந்துவிட்டால் யார் எடுப்பார்கள்?

அக்கா போகும்போது டிபன் பாக்ஸ், செருப்பு, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் பக்கம் வந்து நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். "மாப்பிள்ளைக்கு ஒப்பனையெல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்கற" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்தில் யாரும் இப்போது என்னைப் பார்த்துத் திரையைச் சின்னதாக்குவதில்லை. என்னைப் பார்ப்பதே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். என் யோசனை எதையும் கலக்கவில்லை.

பிரசன்னா சார் வேறொரு கருவிக்கு நான் எழுதிய பக்கத்தைப் பெரிய திரையில் போட்டு, எனக்கும் புதிதாக வந்த இருவருக்கும் விளக்கினார். உதடு அசைய வாசிப்பது அவர் வழக்கம். வாசித்துக்கொண்டே வந்தவர், "மாற்றும் முன் பொறுப்பாளரிடம் உறுதி செய்துகொள்" என்ற வரி வந்ததும் நிற்காமல், பேச்சையும் நிறுத்தாமல், அதைத் தேர்ந்தெடுத்து அழித்தார். அடுத்த பக்கத்தில் "பதில் வரும் வரை காத்திரு". அதையும். தட்டில் கிடக்கும் கறிவேப்பிலையை ஒதுக்குவது போல.

"கேளு, காத்திருன்னு எழுதினா அது ஒவ்வொண்ணுக்கும் நின்னுடும். நின்னா வேகம் போயிடும். வேகத்தைத்தானே நாம விக்கிறோம்?" என்றார்.

புதியவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை இதை முதல்முறை செய்யவில்லை.

முடிந்ததும் தனியாகப் போய்க் கேட்டேன். கேட்டேன் என்பதே எனக்கு ஆச்சரியம். "சார், போர்ட் மூடுற பக்கத்துலயும்..."

"ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றார், சாதாரணமாக. "திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்துச்சு, ரெண்டு தடவை எடுத்தேன். ஏன்?" என் முகத்தைப் பார்த்த பிறகுதான், எனக்கு இது இதுவரை தெரியாது என்பது அவருக்குப் புரிந்தது. கதவைச் சாத்தினார். "மாரி, செவ்வாய்க்கிழமை மறுபடி அதே மாதிரி தலையாட்டினாப் போதும். உங்க வேலை நிரந்தரம் ஆகறதுக்கு நான்தான் எழுதணும். நல்லாவே எழுதுவேன்."

செய்து காட்டிய அன்று போட்ட அதே நீலச் சுடிதார்தான் போட்டிருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைக்கவில்லை. சூலூர் பஸ் ஏறினேன். வீட்டை விசாரித்துப் போய்க் கதவைத் தட்டுவதற்குள் தெருவை இரண்டு முறை கடந்துவிட்டேன்.

லோகநாயகி அக்கா கையில் இட்லி மாவோடு வந்தார். "யாரு, தூது வந்திருக்கியா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தலையசைத்ததையும் சொன்னேன். அக்கா கையிலிருந்த மாவு காய்ந்துபோகும் வரை கேட்டார்.

"அன்னைக்கு ஒன் எடத்துல நான் எதுக்கு உக்காந்தேன்னு தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணோணும்னு எழுதியிருக்கியான்னு பாக்க. எழுதல. பக்கத்துல உக்காந்து அத்தனையும் பாத்துட்டு, இந்த ஒண்ண மட்டும் உட்டுட்டாளே, மேல இருக்கறவன் சொன்னபடி ஆடறாள்னு நெனச்சேன்."

"நான் எழுதியிருந்தேன்க்கா. நீங்கதான் அழிச்சீங்கன்னு நினைச்சேன்."

"நல்லாருக்குது போ. நீ என்னையப் பாத்துட்டிருந்த, நான் உன்னையப் பாத்துட்டிருந்தேன். அவன் ஜம்முனு அழிச்சிட்டிருந்தான்." சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்களும் கேக்கலையேக்கா."

சொல்லிவிட்டுப் பயந்துபோனேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேசுவியாட்டிருக்குது" என்றார். உள்ளே கூப்பிடவில்லை. பஸ்ஸுக்கு வழி மட்டும் சொன்னார்.

ஜூலை 1, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

டைரக்டர் அனுசூயா மேடம் நடுவில். ஒரு பக்கம் பிரசன்னா சார், எதிர்ப்பக்கம் லோகநாயகி அக்கா. சார் அழகாகத் தொடங்கினார். "மாரீஸ்வரி கூச்ச சுபாவம். நானே கேள்வியா கேக்கறேன், அவங்க ஆமாம் இல்லைன்னா போதும்." முதல் கேள்வி: லோகநாயகி உங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தாரா?

எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். அது அசையாமல் இருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டேன்.

"உட்கார்ந்திருந்தாங்க. ஆனா அவங்க அழிக்கல. அந்த வரியை நான் எழுதினேன், பிரசன்னா சார் அழிச்சார். நான் மறுபடி எழுதினேன், மறுபடி அழிச்சார். வெள்ளிக்கிழமை அவரே எங்கிட்டச் சொன்னார். லோகநாயகி அக்கா மேல பழி போனப்ப நான் தலையாட்டினேன். அது தப்பு." மனப்பாடம் செய்தது இவ்வளவுதான்.

"மாரி குழம்பிப் போயிருக்காங்க" என்றார் சார். மேடம் அவரைப் பார்த்து, "அழிச்சீங்களா, இல்லையா?" என்று கேட்டார். வேகம், வாடிக்கையாளர், ஒட்டுமொத்தப் பார்வை என்று சார் நிறையச் சொன்னார். மேடம் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டார். "சுருக்கினேன்" என்றார் சார்.

லோகநாயகி அக்கா நாளை முதல் வேலைக்கு வரலாம். ஆஸ்பத்திரிகளில் ஏஜென்ட்டை நிறுத்திவிட்டார்கள். மூடிய ஒவ்வொரு போர்ட்டையும் அக்கா நேரில் போய் வயரைப் பிடித்துப் பார்த்து முடித்த பிறகுதான் மறுபடி ஓட விடுவார்களாம். சார் என்ன ஆவார் என்று சொல்லவில்லை. என் நிரந்தரம் பற்றி யாரும் பேசவில்லை. "நீங்க போகலாம்" என்றார்கள். அது அறையை விட்டா, வேலையை விட்டா என்று இன்னும் தெரியவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

படிக்கட்டு முன்னால் லோகநாயகி அக்கா கட்டைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்காக நின்றாரா, லிஃப்டுக்காக நின்றாரா தெரியாது.

"தலையாட்டுனதுக்கு நான் அஞ்சு நாளு வீட்ல உக்காந்தேன். எம்மாமியாருகிட்டப் பேச்சு வாங்கினேன். அத மறந்துருவேன்னு நெனைக்காத" என்றார்.

"நினைக்கலக்கா."

"சனிக்கெழம பொள்ளாச்சி போறேன். செல்லமுத்தண்ணன வெச்சுட்டு அந்த மணிய மறுபடி அடிச்சுப் பாக்கோணும்." என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத விஷயம். சொல்லிவிட்டுப் படியிறங்கத் தொடங்கினார்.

மணி அடிக்கவில்லை என்று கேட்ட அன்றிலிருந்து எனக்குள் ஒன்று கிடந்தது. அறைக்குள் அதைச் சொல்லவில்லை. அங்கே கேட்டால் பேரம் பேசுவது போல ஆகியிருக்கும். சூலூரிலும் சொல்லவில்லை. அன்றைக்குக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. இன்றைக்கும் இருக்கிறதா என்று தெரியாது. அக்கா திருப்பத்தில் மறையப் போனபோது வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, சனிக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போங்க. அந்த மணி அடிக்கிறதை நான் என் காதால கேக்கணும்."